மனச்சோர்வு மாத்திரை: பலனுக்கு முன்பே வரும் பக்கவிளைவுகள்... முதல் 2 வாரத்தைக் கடப்பது எப்படி?

"மாத்திரை ஆரம்பிச்சு அஞ்சு நாள்தான் ஆகுது. குமட்டல், தலைவலி, தூக்கமில்லைன்னு புதுசு புதுசா ஏதாவது வருது. முன்னாடி இருந்ததை விட மோசமா இருக்கு. நிறுத்திடலாமா டாக்டர்?"

மனச்சோர்வுக்கு முதன்முறையாக மருந்து எடுத்துக்கொள்ளும் பலரிடமும் எழும் கேள்வி இது. டாக்டரிடம் கேட்பவர்களுக்காவது ஒரு பதில் கிடைத்துவிடுகிறது. யாரிடமும் கேட்காமல், மாத்திரை அட்டையை அலமாரியில் தூக்கிப் போட்டுவிட்டு, அதன்பிறகு மருத்துவமனை பக்கமே போகாதவர்களின் நிலைமைதான் கவலைக்குரியது. "எனக்கு மருந்தும் ஒத்துக்கல" என்ற முடிவோடு அவர்கள் பழைய இருட்டுக்கே திரும்பிவிடுகிறார்கள்.

இந்த மருந்துகளில் பக்கவிளைவு முதலில் வரும், பலன் பிறகுதான் வரும். இந்த ஒரு வரியை முன்கூட்டியே சொல்லியிருந்தால் பலர் மருந்தை நிறுத்தியிருக்க மாட்டார்கள். அது ஏன் அப்படி? எந்தப் பக்கவிளைவை வீட்டிலேயே சமாளிக்கலாம்? எதற்கு உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும்? விரிவாகப் பார்க்கலாம்.

இப்போது ஏன் இந்தப் பேச்சு?

மனச்சோர்வு மருந்துகளின் பக்கவிளைவுகளை ஒப்பிட்டு, 2025 அக்டோபரில் 'தி லான்செட்' மருத்துவ இதழில் ஒரு பெரிய ஆய்வு வெளியானது. லண்டன் கிங்ஸ் கல்லூரி உள்ளிட்ட நிறுவனங்களைச் சேர்ந்த ஆய்வாளர்கள், 58 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பங்கேற்ற 150க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து, 30 மருந்துகளை ஒப்பிட்டனர்.

உடல் எடை, இதயத்துடிப்பு, ரத்த அழுத்தம் போன்றவற்றில் ஒரு மருந்துக்கும் இன்னொரு மருந்துக்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது என்பதுதான் இதில் தெரியவந்த முக்கியமான விஷயம். சுமார் 8 வாரங்களில், எடையைக் கூட்டும் மருந்துக்கும் குறைக்கும் மருந்துக்கும் இடையே 4 கிலோ வரை வித்தியாசம் இருந்தது. இதயத்துடிப்பில் நிமிடத்துக்கு 21 துடிப்புகள் வரை வித்தியாசம் காணப்பட்டது.

இதைப் படித்துவிட்டு "ஐயையோ, இவ்வளவு ஆபத்தா?" என்று மருந்தை நிறுத்திவிடக் கூடாது. ஒரு மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்பதற்காக எல்லா மருந்தும் ஒத்துக்கொள்ளாது என்று அர்த்தம் ஆகாது. சர்க்கரை நோய் இருப்பவருக்கு ஒன்று, எடை கூடிவிடுமோ என்று பயப்படுபவருக்கு ஒன்று, தூக்கமே வராதவருக்கு ஒன்று என ஆளுக்குத் தகுந்த மாதிரி தேர்ந்தெடுக்க முடியும். அதற்கு, மாத்திரை போட்ட பிறகு என்ன நடக்கிறது என்பது டாக்டருக்குத் தெரிய வேண்டும்.

சரி, இந்த மருந்துகள் வேலை செய்கின்றனவா? 2018இல் அதே லான்செட் இதழில் வெளியான ஆய்வு, 21 மருந்துகள் குறித்த 522 பரிசோதனைகளை அலசியது. கடுமையான மனச்சோர்வு உள்ள பெரியவர்களிடம் 21 மருந்துகளுமே, மருந்தில்லாத வெறும் மாத்திரையை விட அதிகப் பலன் தந்தது தெரியவந்தது. பலனின் அளவு மருந்துக்கு மருந்து, ஆளுக்கு ஆள் மாறுபடும்.

அந்த ஒரு வாரத்தில் நடப்பது என்ன?

ஒரு உதாரணத்துக்கு, சென்னையில் தனியார் நிறுவனத்தில் வேலை பார்க்கும் 32 வயதுப் பெண் ஒருவரை நினைத்துக்கொள்வோம். பல மாதங்களாக எதிலும் பிடிப்பில்லை, காரணமே இல்லாமல் அழுகை வருகிறது, தூக்கம் கெட்டுவிட்டது. பெரும் தயக்கத்துக்குப் பிறகு மனநல மருத்துவரைப் பார்க்கிறார். மாத்திரை எழுதிக் கொடுக்கிறார்கள். "ஒரு மாசம் கழிச்சு வாங்க" என்கிறார்கள்.

முதல் நாள் காலையில் வெறும் வயிற்றில் காபியோடு மாத்திரையைப் போட்டுக்கொண்டு வேலைக்குக் கிளம்புகிறார். இரண்டாம் நாள் மின்சார ரயிலில் நிற்கும்போதே வயிற்றைப் பிரட்டுகிறது. நான்காம் நாள் ராத்திரி முழுக்கப் புரண்டு படுத்தும் தூக்கம் வரவில்லை. கையில் லேசான நடுக்கம். உள்ளுக்குள் ஒரு படபடப்பு.

"இதெல்லாம் எதுக்குப் போடற? மனசைத் திடமா வச்சுக்கிட்டா போதாதா?" என்று வீட்டில் பேச்சு வருகிறது. ஆறாம் நாள் செல்போனில் மருந்தின் பெயரைத் தேடுகிறார். நீளமான பக்கவிளைவுப் பட்டியலைப் பார்த்ததும் இருந்த கொஞ்ச தைரியமும் போய்விடுகிறது. ஏழாம் நாள் மாத்திரை நிற்கிறது.

இதில் யாரைக் குற்றம் சொல்வது? உடம்பு கஷ்டப்படுகிறது, பலன் எதுவும் தெரியவில்லை, ஏற்கெனவே மனம் சோர்ந்து கிடக்கிறது. அந்த நிலையில் யாராக இருந்தாலும் நிறுத்தத்தான் தோன்றும். ஆனால் சாப்பிட்ட பிறகு மாத்திரை போட்டிருந்தாலோ, பாதி அளவில் தொடங்கியிருந்தாலோ, நான்காம் நாளே ஒரு போன் செய்து கேட்டிருந்தாலோ கதை வேறு மாதிரி போயிருக்கலாம்.

பக்கவிளைவு முன்னால், பலன் பின்னால்... ஏன்?

மனச்சோர்வுக்கு முதலில் எழுதித் தரப்படுபவை பெரும்பாலும் எஸ்.எஸ்.ஆர்.ஐ. வகை மருந்துகள். எஸ்சிட்டலோபிராம், செர்ட்ராலின், ஃப்ளூவாக்ஸ்டின், பராக்ஸ்டின் எல்லாம் இந்த வகைதான். நரம்பு செல்களுக்கு இடையே செரட்டோனின் என்ற வேதிப்பொருள் கூடுதல் நேரம் தங்கும்படி இவை செய்கின்றன.

இங்கேதான் பலருக்கும் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது. உடலில் உள்ள செரட்டோனினில் சுமார் 90 சதவிகிதம் இருப்பது மூளையில் இல்லை, குடலில். அதனால் மாத்திரை போட்ட முதல் சில நாட்களிலேயே வயிறுதான் சத்தம் போடுகிறது. குமட்டல், வயிற்றுப்போக்கு, பசியின்மை எல்லாம் இப்படி வருபவையே. தலைவலி, தூக்கக் கோளாறு, படபடப்பு, வியர்வை ஆகியவையும் சேர்ந்துகொள்ளலாம்.

மூளையில் செரட்டோனின் அளவு மாறுவதும் சில மணி நேரங்களிலேயே தொடங்கிவிடுகிறது. ஆனால் அந்த மாற்றத்துக்கு நரம்பு செல்கள் தங்களைச் சரிசெய்துகொள்ள வாரக்கணக்கில் ஆகும். பொதுவாக 2 முதல் 4 வாரங்களில் லேசான முன்னேற்றம் தெரியத் தொடங்கும். முழுப் பலன் தெரிய 6 முதல் 8 வாரங்கள் ஆகலாம். ஆரம்பப் பக்கவிளைவுகளில் பலவும் முதல் 1 அல்லது 2 வாரங்களில் தானாகவே குறைந்துவிடும்.

அதாவது, கஷ்டம் குறையத் தொடங்கும் சமயத்தில்தான் பலன் தலைகாட்டத் தொடங்குகிறது. பலர் மருந்தை நிறுத்துவது அதற்கு ஒரு வாரம் முன்னால்.

ஒரு விளக்கம்: "மூளையில் செரட்டோனின் குறைந்தால் மனச்சோர்வு வரும்" என்று பல காலமாகச் சொல்லப்படுகிறது. மனச்சோர்வு அவ்வளவு எளிமையான கணக்கு கிடையாது. மரபு, வாழ்க்கைச் சூழல், இழப்புகள், உடல்நோய் என்று பல காரணங்கள் சேர்ந்து உருவாவது அது. செரட்டோனின் குறைவுதான் காரணம் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை என்று 2022இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பும் சொன்னது. காரணம் பற்றிய விவாதம் வேறு, மருந்து பலன் தருகிறதா என்பது வேறு. பாராசிட்டமால் குறைபாட்டால் காய்ச்சல் வருவதில்லை. ஆனாலும் பாராசிட்டமால் போட்டால் காய்ச்சல் இறங்குகிறதே!

எதற்கு என்ன செய்யலாம்?

குமட்டல்: வெறும் வயிற்றில் போடுவதைத் தவிர்த்து, சாப்பிட்ட பிறகு மாத்திரை போடலாம். மூன்று வேளை வயிறு முட்டச் சாப்பிடுவதை விட, கொஞ்சம் கொஞ்சமாக ஐந்தாறு முறை சாப்பிடுவது நல்லது. எண்ணெய்ப் பண்டங்களைச் சில நாள் தள்ளிவைக்கலாம். இட்லி, ரசம் சாதம், மோர் சாதம் போன்றவை வயிற்றுக்கு இதமாக இருக்கும்.

தூக்கம் வரவில்லை என்றால்: மாத்திரையை இரவில் போடுகிறீர்களா என்று பாருங்கள். காலைக்கு மாற்றலாமா என டாக்டரிடம் கேட்கலாம். மதியத்துக்கு மேல் டீ, காபியைத் தவிர்ப்பது உதவும்.

பகலில் தூக்கம் சொக்கினால்: இதற்கு நேர்மாறாக, இரவுக்கு மாற்றலாமா என்று கேட்க வேண்டும். மிர்டாசபின், அமிட்ரிப்டிலின் போன்ற மருந்துகள் தூக்கத்தைத் தருபவை என்பதால் பொதுவாக இரவில்தான் தரப்படும். உடம்பு பழகும்வரை பைக், கார் ஓட்டுவதையும் இயந்திரங்களில் வேலை செய்வதையும் தவிர்ப்பது பாதுகாப்பு.

தலைவலி: பெரும்பாலும் சில நாட்களில் சரியாகும். தேவைப்பட்டால், கல்லீரல் பிரச்னை இல்லாதவர்கள் உரிய அளவில் பாராசிட்டமால் எடுக்கலாம். டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகளை நீங்களாக வாங்கிப் போட வேண்டாம். எஸ்.எஸ்.ஆர்.ஐ. மருந்துகளோடு சேரும்போது வயிற்றில் ரத்தக்கசிவு ஏற்படும் அபாயம் கூடும்.

படபடப்பு, கை நடுக்கம்: முதல் வாரத்தில் சிலருக்குப் பதற்றம் கூடும். ஏற்கெனவே பதற்றநோய் இருப்பவர்களுக்கு இது இன்னும் தூக்கலாகத் தெரியும். காபியைக் குறைப்பதோடு, டாக்டரிடமும் சொல்ல வேண்டும். குறைந்த அளவில் தொடங்கி மெல்ல ஏற்றுவது இதற்கான வழக்கமான வழி. இருந்த இடத்தில் உட்காரவே முடியாத அளவுக்குத் தவிப்பு வந்தால் காத்திருக்கக் கூடாது, அன்றே பேசுங்கள்.

வாய் உலர்தல், மலச்சிக்கல்: அமிட்ரிப்டிலின் போன்ற பழைய வகை மருந்துகளில் இவை அதிகம். அடிக்கடி கொஞ்சம் தண்ணீர், கீரை, பழங்கள், நடை ஆகியவை உதவும். சிறுநீர் கழிக்கச் சிரமமாக இருந்தால், குறிப்பாக வயதான ஆண்கள், உடனே டாக்டரிடம் தெரிவிக்க வேண்டும்.

தலைச்சுற்றல்: படுக்கையில் இருந்து சட்டென்று எழாமல், ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழுந்திருங்கள்.

மது: தவிர்ப்பதுதான் நல்லது. மயக்கத்தைக் கூட்டும், மனச்சோர்வையும் கூட்டும்.

ஒரு வேளை மாத்திரை மறந்துவிட்டால்? நினைவு வந்ததும் போடலாம். அடுத்த வேளைக்கான நேரம் நெருங்கிவிட்டால் விட்டுவிட வேண்டும். விட்டதற்கும் சேர்த்து இரண்டாகப் போடக் கூடாது.

வெளியில் சொல்லத் தயங்கும் பிரச்னை

குமட்டலை டாக்டரிடம் சொல்லிவிடுகிறார்கள். தாம்பத்தியப் பிரச்னையைச் சொல்வதில்லை. எஸ்.எஸ்.ஆர்.ஐ. மருந்துகளால் பாலியல் ஆர்வம் குறைவது, உச்சம் தாமதமாவது, விறைப்புப் பிரச்னை ஆகியவை ஆண், பெண் இரு தரப்புக்கும் வரலாம். பராக்ஸ்டினில் இது அதிகம் காணப்படுகிறது.

குமட்டல் போல இது சில நாட்களில் தானாகப் போய்விடும் என்று எதிர்பார்க்க முடியாது. மருந்து தொடரும்வரை நீடிக்கலாம். அரிதாகச் சிலருக்கு நிறுத்திய பிறகும் நீடித்ததாகப் பதிவாகியுள்ளது. வெளியில் சொல்லாமல், வாரத்தில் சில நாள் மட்டும் மாத்திரையைத் தவிர்ப்பவர்கள் இருக்கிறார்கள். சிலர் ஒரேயடியாக நிறுத்திவிடுகிறார்கள். வீட்டில் மனக்கசப்பு வந்து, அதற்கான உண்மைக் காரணம் இரண்டு பேருக்குமே தெரியாமல் போவதும் உண்டு.

இதற்கு வழி இருக்கிறது. மருந்தின் அளவைக் குறைப்பது, இந்தப் பிரச்னை குறைவாக உள்ள வேறு மருந்துக்கு மாற்றுவது என டாக்டரிடம் பல வழிகள் உண்டு. வாய்விட்டுச் சொல்ல கூச்சமாக இருந்தால், ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தாலும் போதும். எந்த மனநல மருத்துவருக்கும் இது புதிய செய்தி கிடையாது.

எடை விஷயமும் இப்படித்தான். மாத்திரை தொடங்கும் நாளில் எடையைக் குறித்துவைத்து, மாதம் ஒரு முறை பார்த்துவந்தால், 2 கிலோ கூடும்போதே பேசிவிடலாம். 10 கிலோ கூடும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

எப்போது உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்?

தற்கொலை எண்ணம்: 25 வயதுக்கு உட்பட்டவர்களிடம், மருந்து தொடங்கிய முதல் சில வாரங்களிலும் அளவை மாற்றும்போதும் கூடுதல் கவனம் தேவை. அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்.டி.ஏ. 2004இல் குழந்தைகள், பதின்பருவத்தினருக்கு இது குறித்த எச்சரிக்கையைக் கட்டம் கட்டி வெளியிட்டது. அப்போது அலசப்பட்ட பரிசோதனைகளில், மருந்து எடுத்த 100 பேரில் 4 பேரிடமும், வெறும் மாத்திரை எடுத்தவர்களில் 2 பேரிடமும் தற்கொலை எண்ணமோ நடத்தையோ காணப்பட்டது. அந்தப் பரிசோதனைகளில் உயிரிழப்பு எதுவும் இல்லை. 2007இல் இந்த எச்சரிக்கை 24 வயது வரை நீட்டிக்கப்பட்டது. அதற்கு மேற்பட்ட வயதினரிடம் இப்படி அபாயம் கூடுவதாகத் தெரியவில்லை. சிகிச்சை பெறாத மனச்சோர்வே தற்கொலைக்கு ஒரு பெரிய காரணம் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். இந்த எச்சரிக்கை "மருந்தே வேண்டாம்" என்று சொல்லவில்லை, "தனியாக விடாதீர்கள்" என்றுதான் சொல்கிறது.

திடீர் உற்சாகம்: இரண்டு மூன்று மணி நேரத் தூக்கமே போதும் என்ற நிலை, நிறுத்தாத பேச்சு, கண்மண் தெரியாத செலவு, எரிச்சல். "மருந்து நல்லா வேலை செய்யுது" என்று குடும்பம் சந்தோஷப்படலாம். ஆனால் இது இருமுனை மனநோயின் அறிகுறியாக இருக்கலாம். அதற்கான சிகிச்சை வேறு.

செரட்டோனின் மிகையாதல்: கடும் வியர்வை, காய்ச்சல், தசை இறுக்கம், உடல் துள்ளல், வேகமான இதயத்துடிப்பு, குழப்பம். அரிதானது, ஆனால் அவசரம். பெரும்பாலும் வேறொரு மருந்தோடு சேரும்போதுதான் வரும்.

முதியவர்களிடம் குழப்பம், தள்ளாட்டம்: ரத்தத்தில் சோடியம் குறைவதால் இருக்கலாம். ரத்த அழுத்தத்துக்காக நீர் பிரியும் மாத்திரை எடுப்பவர்களிடம் இந்த அபாயம் அதிகம். "வயசாச்சு, அப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிடக் கூடாது. ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

உடல் முழுக்கத் தடிப்பு, முகம் வீக்கம், மூச்சுத்திணறல், கருப்பாக மலம் போவது போன்றவையும் அவசர அறிகுறிகளே.

மெடிக்கல் ஷாப்பில் கவனம்

இருமலுக்கும் உடம்பு வலிக்கும் சீட்டு இல்லாமல் மருந்து கேட்பது நமக்குப் பழகிப்போன விஷயம். மனச்சோர்வு மாத்திரை எடுக்கும்போது இந்தப் பழக்கம் ஆபத்தில் முடியலாம். சில இருமல் சிரப்புகளில் உள்ள டெக்ஸ்ட்ரோமெத்தார்பன், வலிக்குத் தரப்படும் டிரமடால், தொற்றுக்குத் தரப்படும் லினசோலிட் ஆகியவை செரட்டோனினைக் கூட்டுபவை. பல் டாக்டரோ, எலும்பு டாக்டரோ, யாரைப் பார்த்தாலும் "நான் இந்த மாத்திரை எடுக்கிறேன்" என்று சொல்ல வேண்டும். நாட்டு மருந்து, ஊட்டச்சத்துப் பொடி எடுத்தாலும் மறைக்க வேண்டாம்.

கர்ப்பமாக இருப்பவர்களும் அதற்குத் திட்டமிடுபவர்களும் பயந்துபோய்ச் சட்டென்று நிறுத்தக் கூடாது. முன்கூட்டியே டாக்டரிடம் பேசி முடிவெடுக்க வேண்டும்.

"அடிமையாகிடுவோமா?"

தமிழ் வீடுகளில் அதிகம் கேட்கும் கேள்வி இதுதான். மது, போதைப்பொருள் போல, மனச்சோர்வு மருந்துகள் ஏக்கத்தையோ போதையையோ தருவதில்லை. அளவைக் கூட்டிக்கொண்டே போகச் சொல்லி உடம்பு கேட்பதும் இல்லை. ஆனால் சட்டென்று நிறுத்தினால் உடம்பு எதிர்ப்புக் காட்டும். தலைச்சுற்றல், குமட்டல், எரிச்சல், விசித்திரமான கனவுகள், தலைக்குள் ஷாக் அடிப்பது போன்ற உணர்வு எல்லாம் வரலாம்.

எத்தனை பேருக்கு இப்படி வரும்? 2024இல் 'லான்செட் சைக்கியாட்ரி' இதழில் வெளியான ஆய்வின்படி, மருந்தை நிறுத்தியவர்களில் சுமார் 31 சதவிகிதம் பேருக்கு ஏதாவது ஒரு அறிகுறி வந்தது. வெறும் மாத்திரையை நிறுத்தியவர்களிலும் சுமார் 17 சதவிகிதம் பேருக்கு வந்தது. இரண்டையும் கழித்துப் பார்த்தால், மருந்தை நிறுத்தியதால் மட்டும் அறிகுறி வருவது ஏறக்குறைய 6 அல்லது 7 பேரில் ஒருவருக்கு. வென்லாஃபாக்சின், பராக்ஸ்டின் போன்றவற்றில் இது அதிகம். உடலில் நீண்ட நாள் தங்கும் ஃப்ளூவாக்ஸ்டினில் குறைவு. டாக்டர் சொல்லும் வேகத்தில் படிப்படியாகக் குறைத்தால் பெரும்பாலானவர்கள் சமாளித்துவிடலாம்.

இந்தப் பயத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. ஆரம்பத்துப் பதற்றத்தைக் குறைக்க, குளோனாசெபாம் போன்ற மருந்தையும் சில வாரங்களுக்குச் சேர்த்துத் தருவது இங்கே வழக்கம். பழக்கத்துக்கு ஆளாக்கும் வாய்ப்பு உள்ளது இந்த வகை மருந்துக்குத்தான். இரண்டும் கலந்த ஒரே மாத்திரையும் இந்தியச் சந்தையில் கிடைக்கிறது. உங்கள் மாத்திரை அட்டையில் இரண்டு மருந்தின் பெயர்கள் இருந்தால், "இதுல எது எத்தனை நாளைக்கு?" என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இதையும் திடீரென்று நீங்களாக நிறுத்தக் கூடாது. பழைய சீட்டைக் காட்டி மாதக்கணக்கில் வாங்கிக்கொண்டே இருக்கவும் கூடாது.

எத்தனை காலம் எடுக்க வேண்டும்? முதல்முறை மனச்சோர்வு என்றால், நன்றாகத் தேறிய பிறகும் குறைந்தது 6 மாதங்கள் தொடரச் சொல்வது வழக்கம். திரும்பத் திரும்ப வருபவர்களுக்கு இன்னும் நீளும். "நல்லாயிட்டேன்" என்று தோன்றிய அன்றே நிறுத்துவதுதான் நோய் திரும்ப வர வழிவிடுகிறது.

யார் சொல்ல வேண்டும் இதையெல்லாம்?

பெங்களூரு நிம்ஹான்ஸ் நடத்திய 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 18 வயதைக் கடந்த 20 பேரில் ஒருவர் வாழ்நாளில் ஒருமுறையாவது மனச்சோர்வால் பாதிக்கப்பட்டிருக்கிறார். ஆனால் ஒரு லட்சம் பேருக்கு 0.75 மனநல மருத்துவர்தான் இருக்கிறார்கள். குறைந்தது 3 பேராவது தேவை என்பது நிபுணர்கள் சொல்லும் கணக்கு. கூட்டம் நிரம்பி வழியும் ஓ.பி.யில் ஒருவருக்குக் கிடைக்கும் சில நிமிடங்களில், நோயைக் கேட்டு மருந்து எழுதவே நேரம் சரியாகப் போய்விடுகிறது. கடையில் அட்டையைக் கத்தரித்து 10 மாத்திரை தரும்போது விவரச் சீட்டும் கைக்கு வருவதில்லை. அரசு மருத்துவமனையிலோ சின்னக் காகித உறையில் காலை, இரவு என்று குறித்துக் கொடுக்கிறார்கள். குமட்டல் வரும் என்று அந்த உறை சொல்வதில்லை.

பிரிட்டனில் நைஸ் அமைப்பின் 2022 வழிகாட்டுதல், மருந்து தொடங்கியவரை 2 வாரங்களுக்குள் மறுபடி விசாரிக்கச் சொல்கிறது. 18 முதல் 25 வயது வரை உள்ளவர்களையும், தற்கொலை அபாயம் உள்ளவர்களையும் ஒரே வாரத்தில் விசாரிக்க வேண்டும். "ஒரு மாசம் கழிச்சு வாங்க" என்பதற்கும் இதற்கும் உள்ள தூரத்தில்தான் நோயாளிகள் தொலைந்துபோகிறார்கள்.

இந்தியச் சட்டமும் இதைப் பற்றிப் பேசியிருக்கிறது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 22ஆவது பிரிவின்படி, என்ன நோய், என்ன சிகிச்சை, அதன் பக்கவிளைவுகள் என்ன என்பதைத் தெரிந்துகொள்வது நோயாளியின் உரிமை. அதுவும் அவருக்குப் புரியும் மொழியில். ஆக, பக்கவிளைவு பற்றிக் கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் இல்லை. டாக்டரின் நேரத்தை வீணாக்குவதும் இல்லை.

டாக்டருக்கே நேரம் இல்லை என்றால் செவிலியர், மருந்தாளுநர், மாவட்ட மனநலத் திட்ட ஆலோசகர் ஆகியோர் 5 நிமிடம் பேசலாம். ஏழாம் நாளில் ஒரு போன் போகலாம். புதிய கட்டடமோ விலை உயர்ந்த கருவியோ இதற்குத் தேவையில்லை.

டாக்டர் அறையை விட்டு வெளியே வரும் முன்...

இந்த 6 கேள்விகளைக் கேட்டுவிடுங்கள். செல்போனில் குறித்து எடுத்துப்போனால் மறக்காது.

1. இந்த மாத்திரையால் முதல் 2 வாரத்தில் என்னென்ன வரலாம்?
2. காலையிலா இரவிலா? சாப்பிட்ட பிறகா?
3. பலன் தெரிய எத்தனை வாரம் ஆகும்?
4. எது வந்தால் உடனே வர வேண்டும்? யாரை, எந்த நம்பரில் கூப்பிட வேண்டும்?
5. நான் எடுக்கும் மற்ற மாத்திரைகளோடு இது சேருமா?
6. எப்போது, எப்படி நிறுத்துவோம்?

கூடவே, தினமும் ஒரு வரி எழுதிவைக்கலாம்: தூக்கம் எத்தனை மணி நேரம், சாப்பாடு எப்படி, என்ன தொந்தரவு, மனநிலைக்குப் பத்துக்கு எத்தனை மார்க். இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால், "ஒண்ணுமே மாறல" என்று மனம் சொன்னாலும், தூக்கம் 4 மணி நேரத்திலிருந்து 6 ஆனது அந்தத் தாளில் தெரியும். பெரும்பாலும் மாற்றத்தை முதலில் கவனிப்பது கூட இருப்பவர்கள்தான்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. "இன்னும் மாத்திரை போடறியா?" என்று கேட்பதற்குப் பதிலாக, "இன்னைக்கு வயிறு பரவாயில்லையா?" என்று கேட்கலாம். அடுத்தமுறை டாக்டரிடம் துணைக்குப் போகலாம். அந்த முதல் 2 வாரத்தில் தனியாக விடாமல் இருப்பதே பெரிய உதவி.

மருந்து தொடர்பான எந்த முடிவையும் உங்கள் மருத்துவரிடம் பேசிய பிறகே எடுக்க வேண்டும். மன உளைச்சலோ, தற்கொலை எண்ணமோ, சந்தேகமோ இருந்தால் டெலி மனஸ் இலவச உதவி எண் 14416ஐ எந்த நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். மாநில சுகாதாரத் துறை உதவி எண்: 104. சினேகா தற்கொலைத் தடுப்பு மையம்: 044-24640050.